கோதுமையில் துரு எதிர்ப்பு மரபணுவைத் தேட எந்த வழி?

நோய் தாங்கும் கோதுமை வரிசை (ஒரே மரபுக்குணத்தோடு நிலைபெற்ற விதைக் குடும்பம்) ஒன்று கைக்கு வந்துவிட்டது. மூன்றாண்டுத் திட்டத்துக்குப் பணமும் ஒதுக்கியாகிவிட்டது. அந்த எதிர்ப்பு எந்தக் குரோமோசோமில், எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதைப் பின்தொடர ஒரு மார்க்கர், அதாவது மரபணுவுக்கு அருகில் இருக்கும் டிஎன்ஏ அடையாளம், செய்து, விளைச்சல் தரும் ரகங்களுக்குள் கொண்டுபோக வேண்டும். இதற்கு மூன்று பெரிய வழிகள் உண்டு. இரண்டு பெற்றோரைக் கலந்து சந்ததியில் தேடலாம். கலக்காமலேயே, பல நாடுகளிலிருந்து திரட்டிய சில நூறு ரகங்களை ஒரே நேரத்தில் ஆராயலாம். எதிர்ப்புள்ள வரிசையின் விதையை வேதிப்பொருளில் ஊறவைத்து, எந்த மரபணு கெட்டதால் நோய் வந்தது என்றும் பார்க்கலாம். மரபணுவைத் தேடவே வேண்டாம், கணக்கிட்டுத் தேர்ந்தெடுத்தால் போதும் என்கிற நான்காவது தரப்பும் இருக்கிறது.

இந்தத் தேர்வு பல இடங்களில் 'எது புதிய முறை' என்ற கேள்வியாகச் சுருங்கிவிடுகிறது. முறை பழையதா புதியதா என்பது எனக்கு இரண்டாம் பட்சம். கையில் இருக்கும் எதிர்ப்பு எப்படிப்பட்டது, நோயை எவ்வளவு நம்பகமாக அளக்க முடியும் என்ற இரண்டுக்கும் பதில் தெரிந்தால் வழி பெரும்பாலும் தானே முடிவாகிவிடும்.

கோதுமைக்கு வரும் துரு என்னும் பூஞ்சை நோய் மூன்று வகை. தண்டைத் தாக்குவது கருந்துரு, இலையில் சிதறி வருவது பழுப்புத் துரு, இலை நெடுகக் கோடுகோடாக வருவது மஞ்சள் துரு. இவற்றுக்கான எதிர்ப்பு மரபணுக்களை முறையே எஸ்ஆர், எல்ஆர், ஒய்ஆர் என்று எண்ணிட்டு அழைக்கிறார்கள். எண்ணைவிட முக்கியமானது, அது எந்த வகை எதிர்ப்பு என்பது.

ஒரு வகை, நாற்றுப் பருவத்திலிருந்து கதிர் முற்றும்வரை நிற்கும் வலுவான எதிர்ப்பு. பெரும்பாலும் ஒரே மரபணுவின் வேலை. பூஞ்சை உள்ளே நுழைந்ததும் அந்த இடத்துச் செல்கள் தாமே மடிந்து அதைப் பட்டினி போடுகின்றன. இலையில் ஒரு வெளிறிய புள்ளி மட்டும் மிஞ்சும். கண்ணால் பார்த்தே இது எதிர்க்கிறது, இது எதிர்க்கவில்லை என்று பிரித்துவிடலாம். ஆனால் அந்த மரபணு அடையாளம் காணும் புரதத்தைப் பூஞ்சை மாற்றிக்கொண்டால் எல்லாம் போயிற்று. ரை தானியத்திலிருந்து வந்த எஸ்ஆர்31 பல பத்தாண்டுகள் கருந்துருவைத் தடுத்து நின்றது. 1998இல் உகாண்டாவில் தென்பட்டு யுஜி99 என்று பெயர் பெற்ற துருப் பூஞ்சை இனம் அதை உடைத்தது. வட இந்திய வயல்களை நிறைத்திருந்த பிபிடபிள்யூ 343 ரகம் மஞ்சள் துருவுக்கு எதிராக ஒய்ஆர்27ஐ நம்பியிருந்தது. அதை வெல்லும் இனம் பரவியதும் அந்த ரகமும் வயலைவிட்டு விலக நேர்ந்தது.

இன்னொரு வகை நாற்றில் நோயை வரவிடும். கதிருக்குக் கீழே கடைசியாக வரும் கண்ணாடி இலை விரியும் பருவத்தில்தான் மெல்ல வேலை காட்டும். துரு வரும், ஆனால் தாமதமாக, குறைவாக வரும். எல்ஆர்34 இதற்குப் பெயர்போனது. இந்த ஒரு மரபணுவே மூன்று துருக்களையும் சாம்பல் நோயையும் ஓரளவு மட்டுப்படுத்துகிறது. அது இருக்கும் செடியில் கண்ணாடி இலையின் நுனி காய்ந்திருக்கும். யாரோஸ்லாவ் என்னும் எம்மர் கோதுமையிலிருந்து ஹோப் ரகத்துக்குள் வந்த எஸ்ஆர்2 இதே குணம் கொண்டது. அதைச் சுமக்கும் செடியின் கதிர் உமியில் கருமை படரும். இவை தனித்தனியே நின்றால் கடும் நோய் ஆண்டில் போதாது. நான்கைந்து ஒன்றுசேர்ந்தால் வயல் ஏறக்குறைய சுத்தமாக இருக்கும் என்பது மெக்சிகோவில் உள்ள சிமிட் என்னும் சர்வதேச மக்காச்சோள, கோதுமை ஆய்வு நிலையம் நெடுங்காலமாகச் செய்துகாட்டிவரும் விஷயம். இந்த வகையில் நேற்று கிடைத்த மரபணு நாளை உடையும் பயம் குறைவு. அதை அளப்பதுதான் கடினம்.

ஆகவே கலப்புக்குக் கை வைக்கும் முன்பே அந்த வரிசையைப் பெயர் தெரிந்த துரு இனங்களின் எதிரே நாற்றில் சோதித்துவிட வேண்டும். இந்தியாவில் சிம்லா பிளவர்டேல் நிலையம் துரு இனங்களைப் பிரித்துப் பேணிவருகிறது. கூடவே எல்ஆர்34, எல்ஆர்46, எல்ஆர்67, எஸ்ஆர்2 போன்றவற்றின் மார்க்கர்களையும் ஓட்டிப் பார்த்துவிடலாம். இதற்குச் சில வாரங்களும் சிறு தொகையும் போதும். இதைத் தவிர்த்துவிட்டு, ஏற்கெனவே பெயரிட்ட மரபணுவை மூன்றாண்டு செலவழித்து மறுபடி கண்டுபிடிப்பது இந்தத் துறையில் அபூர்வமான காட்சியல்ல.

கோதுமை ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ரொட்டிக் கோதுமைக்குள் ஏ, பி, டி என்று மூன்று மரபணுத் தொகுதிகள் குடியிருக்கின்றன. மொத்தம் 42 குரோமோசோம்கள். டிஎன்ஏ அளவு ஏறத்தாழ 1,600 கோடி எழுத்துகள். மனிதனுக்கு இருப்பதைப்போல் ஐந்து மடங்கு, நெல்லுக்கு இருப்பதைப்போல் சுமார் நாற்பது மடங்கு. அதில் 80 விழுக்காட்டுக்கு மேல் திரும்பத் திரும்ப வரும் சரக்கு. சைனீஸ் ஸ்பிரிங் ரகத்தின் முழு டிஎன்ஏ வரிசை 2018இல்தான் வெளியானது. அதில் 1,07,891 மரபணுக்கள் உறுதியாகக் குறிக்கப்பட்டன. அது வந்தபின் வேலை பெரிதும் இலகுவானது உண்மை. ஆனால் சைனீஸ் ஸ்பிரிங்கில் இல்லாத எதிர்ப்பு மரபணு அந்த வரைபடத்திலும் இராது. உங்கள் வரிசையின் சிறப்பே வேறெதிலும் இல்லாத ஒரு மரபணுவாக இருக்கலாம். அப்போது வரைபடம் தெருவைக் காட்டும், வீட்டைக் காட்டாது.

இரு பெற்றோர் கலப்பு

எதிர்ப்புள்ள வரிசையை நோய்க்கு எளிதில் ஆட்படும் ரகத்தோடு கலக்க வேண்டும். மஞ்சள் துருவுக்கு அவோசெட், இந்தியச் சோதனைகளில் ஆக்ரா லோக்கல் என்று வழக்கமான பலியாடுகள் உண்டு. இரண்டாம் தலைமுறையிலிருந்து செடிக்கு ஒரு விதை என்று எடுத்து ஆறேழு தலைமுறை ஓட்டினால் நிலைபெற்ற வரிசைகள் கிடைக்கும். ஒவ்வொன்றையும் எத்தனை முறை வேண்டுமானாலும், எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் விதைத்துச் சோதிக்கலாம். இதன் முழுப் பலமும் இந்தத் திரும்பச் செய்யும் வசதியில்தான் இருக்கிறது. மக்காச்சோள மகரந்தத்தைத் தூவி குரோமோசோம்கள் பாதியாகக் குறைந்த ஒற்றைத் தொகுதிச் செடிகளை வளர்த்து, அவற்றை இரட்டிப்பாக்கினால் ஒரே தாவலில் நிலைபெற்ற வரிசைகள் வரும். ஒரு நாளில் 22 மணி நேரம் விளக்கொளி தரும் விரைவு வளர்ப்பில் வசந்தகாலக் கோதுமையை ஆண்டுக்கு ஆறு தலைமுறைவரை தள்ளலாம். காலம் பிடிக்கும் முறை என்ற பழைய குறை இன்று பாதியாகிவிட்டது.

நிலைபெற்ற வரிசைகளில் எதிர்ப்பவையும் எதிர்க்காதவையும் சமபாதியாகப் பிரிந்தால் ஒரு மரபணு. முக்கால், கால் என்று பிரிந்தால் தனித்தனியே வேலை செய்யும் இரண்டு. இந்தத் தெளிவு வேறெந்த முறையிலும் இவ்வளவு மலிவாகக் கிடைக்காது. 1905இலேயே கேம்பிரிட்ஜில் பிஃபென் மஞ்சள் துரு எதிர்ப்பு மெண்டல் விதிப்படி பிரிவதை இப்படி எண்ணித்தான் காட்டினார். ஒரு மரபணுதான் என்று தெரிந்தபின், எதிர்ப்பவற்றில் பத்துப் பதினைந்தின் டிஎன்ஏவை ஒன்றாகவும் எதிர்க்காதவற்றுடையதை ஒன்றாகவும் கலந்து இரண்டு குழாய்களை மட்டும் ஆராய்ந்தால் குரோமோசோம் தெரிந்துவிடும். நூறு வரிசைகளுக்கும் தனித்தனியே மார்க்கர்களைப் படிக்கும் சிப் ஓட்டிப் பணத்தைக் கரைக்க வேண்டியதில்லை.

குறைகளும் உண்டு, அவை சிறியவை அல்ல. 100, 150 வரிசைகளில் நடந்திருக்கும் குறுக்குக் கலப்புகள் (தாய், தந்தைக் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வது) குறைவு. அதனால் கிடைக்கும் இடம் ஒரு மரபணுவாக இராது. நூற்றுக்கணக்கான மரபணுக்கள் அடங்கிய ஒரு வட்டாரமாக இருக்கும். கோதுமையில் குறுக்குக் கலப்பு குரோமோசோமின் இரு முனைகளில்தான் அதிகம். நடுப்பகுதியில் மரபணு மாட்டிக்கொண்டால் ஆயிரக்கணக்கில் செடி வளர்த்தாலும் வட்டாரம் சுருங்காது. மேலும் சிறிய தொகுதியில் கண்டுபிடித்த மரபணுவின் விளைவு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். பீவிஸ் விளைவு என்று புள்ளியியலார் எச்சரித்தும், 'நோயை 30 விழுக்காடு விளக்குகிறது' என்ற வரியைத் தயக்கமின்றி எழுதுபவர்கள் குறையவில்லை.

பியூசேரியம் கதிர்க் கருகல் நோய்க்கான எஃப்எச்பி1 இந்த வழியின் பெருமையையும் பொறுமையையும் ஒருசேரக் காட்டுகிறது. சீனாவின் சுமாய் 3 ரகத்தை ஸ்டோவாவோடு கலந்த சந்ததியில் 1999இல் 3பி குரோமோசோமின் குறுங்கையில் அது அகப்பட்டது. மார்க்கர் செய்து உலகெங்கும் ரகங்களில் ஏற்றத் தொடங்கினார்கள். மரபணு எது என்பதோ 2016வரை தெரியவில்லை. அவ்வாண்டு ஒரு குழு ஒரு மரபணுவைச் சொன்னது. 2019இல் ஒரே இதழில் வந்த இரண்டு ஆய்வுகள் அதைவிட்டு வேறொரு மரபணுவைச் சுட்டின. இரண்டும் ஒரே மரபணுவைத்தான் சொன்னாலும், அது செயலிழந்ததால் எதிர்ப்பு வருகிறதா, புதுச் செயல் பெற்றதால் வருகிறதா என்பதில் மோதிக்கொண்டன. இந்த இருபது ஆண்டுகளும் பயிர் மேம்பாட்டாளர்கள் காத்திருக்கவில்லை. அருகில் இருக்கும் மார்க்கரே ரகம் உருவாக்கப் போதுமானது. மரபணுவின் பெயர் தெரிய வேண்டும் என்ற ஆசை ஆய்விதழ்களுக்கு உரியது. அதற்காகத் திட்டப் பணத்தைச் செலவழிக்கலாமா என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது.

ரகத் தொகுப்பில் இணைவு ஆய்வு

இதில் கலப்பே இல்லை. முந்நூறு, ஐந்நூறு ரகங்களைத் திரட்டி, 35 ஆயிரம் அல்லது 90 ஆயிரம் மார்க்கர் கொண்ட சிப்பில் ஓட்டி, நோய் மதிப்பெண்ணோடு எந்த மார்க்கர் சேர்ந்து போகிறது என்று கணக்கிடுவார்கள். சந்ததி வளர்க்கும் ஆண்டுகள் மிச்சம். ஒருமுறை ஓட்டிய மரபுத் தரவை மூன்று துருவுக்கும் குலைநோய்க்கும் விளைச்சலுக்கும் மறுபடி மறுபடி பயன்படுத்தலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாட்கின்ஸ் பல நாடுகளிலிருந்து திரட்டிய நாட்டு ரகங்கள் 827இன் முழு டிஎன்ஏ வரிசையும் 2024இல் வெளியாகிவிட்டது. இன்று எவரும் அதன் விதையைப் பெற்று, நோயை மட்டும் அளந்தால் போதும்.

கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் உங்கள் கையில் இருப்பது ஒரே ஒரு வரிசை என்பதை நினைவில் கொள்ளுங்கள். அதன் மரபணு முந்நூறு ரகங்களில் ஐந்தாறில் மட்டும் இருந்தால் கணக்கு அதைக் கண்டுகொள்ளாது. ஐந்து விழுக்காட்டுக்குக் கீழே வரும் வேறுபாடுகளை ஆய்வாளர்களே முதல் படியில் நீக்கிவிடுவார்கள். இரு பெற்றோர் கலப்பு 'இந்த வரிசையில் என்ன இருக்கிறது' என்று கேட்கிறது. இணைவு ஆய்வு 'நம் களஞ்சியத்தில் பொதுவாக என்ன இருக்கிறது' என்று கேட்கிறது. ஒன்றின் விடையை மற்றதிடம் எதிர்பார்ப்பதால்தான் பாதி ஏமாற்றங்கள்.

உறவு முறையும் ஏமாற்றும். எதிர்ப்புள்ள ரகங்கள் எல்லாம் ஒரே வட்டாரத்திலிருந்து வந்திருந்தால், அந்த வட்டாரத்துக்கே உரிய ஒவ்வொரு மார்க்கரும் குற்றவாளிபோல் தெரியும். அதைத் திருத்தக் கணக்கில் உறவுமுறைப் பட்டியலைச் சேர்த்தால், உண்மையான மரபணுவும் சில வேளை அதோடு கழுவிக்கொண்டு போய்விடும்.

இதன் உண்மையான பயன் எங்கே என்பதைக் கோதுமைக் குலைநோய் காட்டியது. பிரேசிலில் 1985இல் தோன்றிய இந்நோய், நெல் குலைநோய்ப் பூஞ்சையின் நெருங்கிய உறவு. 2016இல் வங்கதேசத்தில் சுமார் 15,000 ஹெக்டேரைத் தாக்கியது. சிமிட் வரிசைகளை பொலிவியாவிலும் வங்கதேசத்தின் ஜஷோரிலும் விதைத்து நடத்திய இணைவு ஆய்வுகளில், ஏஜிலாப்ஸ் வென்ட்ரிகோசா என்ற காட்டுப் புல்லிலிருந்து வந்த 2என்எஸ் என்னும் குரோமோசோம் துண்டே பெரும்பாலான எதிர்ப்புக்குக் காரணம் என்று தெரிந்தது. புதிதாக எதுவும் கிடைக்கவில்லை என்று இதைச் சலித்துக்கொள்ளலாம். நான் இதை மிக மதிப்புள்ள முடிவாகப் பார்க்கிறேன். உலகமே ஒற்றைத் துண்டின்மேல் நின்றுகொண்டிருக்கிறது என்ற எச்சரிக்கையை ஒரு கலப்புச் சந்ததி தந்திருக்க முடியாது.

சடுதிமாற்றமும் வடிகட்டிய வரிசையாக்கமும்

மூன்றாவது வழி துணிச்சலானது. எதிர்ப்புள்ள வரிசையின் விதையை ஈ.எம்.எஸ். என்னும் வேதிப்பொருளின் கரைசலில் ஊறவைத்து மரபணுக்களில் ஆங்காங்கே பிழைகளை உண்டாக்குவார்கள். அடுத்த தலைமுறையில் ஆயிரக்கணக்கான நாற்றுகளில் துருவைத் தூவி, எதிர்ப்பை இழந்த ஐந்தாறு செடிகளைப் பொறுக்குவார்கள். தாவர எதிர்ப்பு மரபணுக்களில் பெரும்பான்மை என்எல்ஆர் என்னும் ஒரே குடும்பம் என்பதால், டிஎன்ஏவிலிருந்து அந்தக் குடும்பத்தை மட்டும் தூண்டில் போட்டு எடுத்து, எழுத்து எழுத்தாகப் படித்து வரிசையாக்குவார்கள். தோற்றுப்போன செடிகள் எல்லாவற்றிலும் கெட்டிருக்கும் ஒரே மரபணுதான் தேடிய மரபணு. 2016இல் எஸ்ஆர்22, எஸ்ஆர்45 இரண்டும் இப்படித்தான் கையில் கிடைத்தன. இங்கே குறுக்குக் கலப்பின் தயவு தேவையில்லை. ஆகவே கலப்பு வழியில் சுருங்க மறுக்கும் வேற்றினத் துண்டுகளுக்கு இதுவே பொருத்தம். இதன் உடன்பிறப்பாக 2019இல் வந்த முறை, ஏஜிலாப்ஸ் டவுஷி காட்டுப்புல் தொகுப்பில் இதே தூண்டிலையும் இணைவு ஆய்வையும் சேர்த்து, எஸ்ஆர்46 உள்ளிட்ட கருந்துரு மரபணுக்களை வெளிக்கொண்டுவந்தது.

ஆனால் தூண்டிலில் மாட்டுவது என்எல்ஆர் மட்டுமே. எல்ஆர்34 செல்லுக்குள் பொருள் கடத்தும் ஒரு புரதம். எல்ஆர்67 சர்க்கரை கடத்துவது. காட்டு எம்மரிலிருந்து வந்த ஒய்ஆர்36 கைனேஸ் என்னும் நொதி வகை. நீடித்து நிற்கும் எதிர்ப்புகளில் பேர்பெற்ற இந்த மூன்றும் என்எல்ஆர் குடும்பமே அல்ல. இந்த வடிகட்டியில் வைத்திருந்தால் மூன்றும் நழுவியிருக்கும். நாற்றிலேயே ஆம், இல்லை என்று தெளிவாகப் பிரியாத எதிர்ப்புக்கும் இது உதவாது. பாதித் துரு வந்த செடி சடுதிமாற்றத்தால் தோற்றதா, அன்றைய ஈரப்பதத்தால் தோற்றதா என்று யார் சொல்வது? சுருங்கச் சொன்னால், இந்த வழி வேகமாகத் தருவது பூஞ்சை எளிதில் உடைக்கக்கூடிய வகையைத்தான். பல மரபணுக்களைச் சேர்த்து அடுக்கும் திட்டம் இருந்தால் அது குறையாகாது; தனியொன்றாக ரகத்தில் ஏற்றினால் எஸ்ஆர்31இன் வரலாறு திரும்பும்.

நான்காவது தரப்பைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சிறு விளைவுள்ள மரபணுக்கள் பல சிதறிக் கிடக்கும் பெரிய நிலையங்களுக்கு, ஒவ்வொன்றையும் தேடாமல் எல்லா மார்க்கர்களையும் சேர்த்து மதிப்பிட்டுத் தேர்ந்தெடுக்கும் மரபுத்தொகைத் தேர்வு சரியானது. ஆண்டுதோறும் ஆயிரம் வரிசைகளுக்கு நோய்த் தரவு சேராத சிறு நிலையத்துக்கு அது ஒத்துவராது.

நோயை அளக்கும் இடம்

எந்த வழியானாலும் அதன் உயிர் நோய் மதிப்பெண்ணில்தான் இருக்கிறது. கருந்துருவுக்குக் கென்யாவின் ஞோரோ, குலைநோய்க்கு ஜஷோர் என்று உலகம் தன் விதைகளை அனுப்பும் வயல்கள் உண்டு. நம் பக்கத்தில் நீலகிரி வெலிங்டனில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் மண்டல நிலையம் அத்தகையது. சமவெளியில் கோதுமையே இல்லாத கோடையிலும் அந்தக் குளிர்மலையில் பயிரும் துருவும் உயிரோடு இருக்கும். இந்தியாவின் துரு கோடையில் எங்கே தங்குகிறது என்று தேடிய தாவர நோயியலாளர் கே.சி. மேத்தா, நீலகிரி, பழனி மலைகளைக் கருந்துருவின் ஊற்றாகக் காட்டினார். பின்னர் நாகராஜனும் அவரோடு பணியாற்றியவர்களும், வங்கக் கடலின் நவம்பர்ப் புயல்கள் அந்த வித்துகளை மத்திய இந்தியாவரை சுமந்து செல்வதை விளக்கினார்கள். கோதுமை அதிகம் விளையாத தமிழ்நாட்டில் கோதுமை ஆராய்ச்சி ஏன் என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். ஆண்டுக்கு இரண்டு பருவம் துருவை அளக்கக் கிடைத்தால் மூன்றாண்டுத் திட்டத்துக்கு ஆறு பருவத் தரவு. பஞ்சாபுக்கான மஞ்சள் துரு எதிர்ப்பைத் தேடுபவர் மட்டும் பஞ்சாபின் இனம் உள்ள இடத்தில்தான் அளக்க வேண்டும்.

கதிரைத் தாக்கும் நோய்களில் இன்னொரு பொறி இருக்கிறது. பிந்திப் பூக்கும் வரிசை நோய்க்காலம் கடந்து தப்பிவிடும். உயரமான வரிசையின் கதிரில் கதிர்க் கருகல் குறைவாகவே ஏறும். பூக்கும் நாளையும் உயரத்தையும் எழுதி வைக்காத ஆய்வு, பூக்கும் காலத்து மரபணுவை எதிர்ப்பு மரபணு என்று முடிசூட்டிவிடும். இந்தத் தவறு கலப்புக்கும் இணைவு ஆய்வுக்கும் பொதுவானது; சிப்பின் விலை கூடினால் குறைவதில்லை.

என் தேர்வு இது. ஒரே ஒரு நல்ல வரிசையும் ஒரு நல்ல நோய் வயலும் இருக்கும் சிறு நிலையம், தயங்காமல் இரு பெற்றோர் கலப்பை எடுக்கட்டும். நாற்றிலேயே பிரியும் ஒற்றை மரபணு என்றால் தொகுத்த இரு குழாய் முறையோடு நிறுத்திக்கொண்டு, மிஞ்சும் பணத்தை நோய் அளப்பதில் போடட்டும். மரபணு காட்டுப்புல் துண்டில் இருக்கிறது, வரிசையாக்கக் கூட்டாளியும் உண்டு என்றால் சடுதிமாற்ற வழி. கையில் வரிசை எதுவும் இல்லை, பெரிய விதைக் களஞ்சியம் மட்டும் இருக்கிறது என்றால் இணைவு ஆய்வு. அதில் மேலே வரும் ஓரிரு ரகங்களை உடனே கலப்புக்கு எடுத்துச் சோதிக்காமல் முடிவை நம்ப வேண்டாம். குலைநோய் வாசலில் நிற்கும்போது எந்த வரைபடமும் வேண்டாம். வங்கதேசம் 2என்எஸ் சுமக்கும் பாரி கோம் 33 ரகத்தை அடுத்த ஆண்டே, 2017இல், வெளியிட்டது.

கலப்பைத் தேர்ந்தவர்கள் முதல் பருவத்திலேயே இன்னொரு வேலையையும் தொடங்கலாம். அதே எதிர்ப்பு வரிசையை, விவசாயிகள் விரும்பும் ஒரு ரகத்தோடும் கலந்து, சந்ததியை மறுபடி மறுபடி அந்த ரகத்தோடே சேர்க்கும் பின்கலப்பு போட்டுவரலாம். பழைய பிபிடபிள்யூ 343 ரகமே எல்ஆர்37-ஒய்ஆர்17, எல்ஆர்76-ஒய்ஆர்70 ஏற்றப்பட்டு உன்னத் பிபிடபிள்யூ 343 என்று 2017இல் திரும்பி வந்தது மார்க்கர் வழிப் பின்கலப்பால்தான். மார்க்கர் கிடைக்கும்வரை துருவைப் பார்த்துத் தேர்ந்துகொண்டே போனால், மூன்றாம் ஆண்டில் மார்க்கர் வரும்போது அதை ஓட்டிப் பார்க்க இரண்டாம் பின்கலப்பு விதை தயாராக இருக்கும்.